விராலுக்கு ஒரு பாஸ் ராட், படகுக்கு ஒரு ட்ரெய்லர்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கொடிவேரி வாய்க்கால்:

அக்கா வீட்டுக்காரர் அலபாமாவிலிருந்து வந்தபோது எனக்கென்று ஒரு கார்பன் பிளாங்க் கொண்டு வந்தார். நூல் ஓடும் வளையம், பிடி, ரீலை மாட்டும் ரீல் சீட் எதுவும் பூட்டாத வெறும் கம்பு. 7 அடி 3 அங்குலம், ஒரே துண்டு. ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்று அடிப்பக்கத்தில் எழுதியிருக்கிறது, அதாவது வலு அதிகம், வளைவு நுனிப்பக்கம். பாசி மண்டிய ஏரிகளில் பாஸ் என்ற அமெரிக்க நன்னீர் மீனுக்குக் கொக்கி வைத்த ரப்பர் தவளையை இரையாக வீசுவதற்கென்றே செய்ததாம். அவ்வளவு நீளக் குழாயை விமானத்தில் ஏற்றக் கட்டிய தனிக் கட்டணத்தை அக்கா இன்றுவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறாள். எனவே இதைப் பரணில் போட்டு வைக்க முடியாது. கட்டி முடித்து, மீன் பிடித்து, அவள் வீட்டுக் குழம்புச் சட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும்.

நான் கோபிப் பக்கம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல்லும் மஞ்சளும். சிறு வயதிலிருந்து மூங்கில் கம்பில் மண்புழு கோர்த்து ஜிலேபியும் கெண்டையும் பிடித்த கை. ரீல் வைத்து வீசுவது சமீபத்துப் பழக்கம். குறி எப்போதும் விரால்தான். எங்கள் பக்கத்துக் குளங்களில் ஆகாயத்தாமரை இடைவெளி இல்லாமல் மூடிக்கிடக்கிறது. அதற்கு அடியில்தான் விரால் கிடக்கிறது. கடையில் வாங்கிய மீடியம் ராடில் மாட்டினால், மீன் ஒரு திருப்புத் திருப்பிக் கொடிக்குள் புகுந்துவிடுகிறது. வெளியே இழுத்துவர ராடில் வலு இல்லை.

ராட் கட்டுவது பற்றிக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கம்பின் முதுகு பார்த்துத்தான் வளையம் கட்ட வேண்டும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் பழைய கதை என்கிறார் இன்னொருவர். எத்தனை வளையம், என்ன அளவு, அதைக் கட்ட எந்த நூல்? கட்டிய நூலின் மேல் பூசும் எபாக்ஸி மழைக்காலத்தில் மங்கிப்போகும் என்பது உண்மையா? முழு செட்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க விலை கேட்டேன், மஞ்சள் மூட்டைகளை மண்டிக்கு அனுப்பிவிட்டுத்தான் யோசிக்க வேண்டும் போலிருக்கிறது. எதை உள்ளூரில் சமாளிக்கலாம், எதில் கஞ்சத்தனம் கூடாது?

அடுத்தது ட்ரெய்லர். பங்காளியும் நானும் சேர்ந்து 12 அடி ஃபைபர் படகு ஒன்று வாங்கினோம். ட்ரெய்லர் உள்ளூர்ப் பட்டறையில் இரும்புச் சேனல் வைத்து அடித்தது. பழைய கார் ஹப் (சக்கரத்தின் குடம்), கமான் பட்டை. தென்னிலைப் பக்கம் தெரிந்தவருக்குச் சொந்தமான, கல் எடுத்துக் கைவிட்ட குழி ஒன்றில்தான் படகை இறக்குகிறோம். கல் லாரி இறங்கிய பாதை அப்படியே தண்ணீருக்குள் போகிறது, ட்ரெய்லரைப் பின்னால் தள்ள அதைவிட வசதி வேண்டியதில்லை. ஜீப்பில் ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். இப்போது இடது சக்கரம் ஊளையிடுகிறது. பட்டறைக்காரர் கிரீஸ் அடித்துக் கொடுத்தார். அடுத்த நடையிலேயே மறுபடியும் ஊளை. ஹப் மூடியைக் கழற்றினால் கிரீஸ் பால் காப்பி நிறத்தில் வருகிறது. என்னதான் நடக்கிறது உள்ளே?

பீளமேட்டு லேத்:

தம்பி, அக்கா கட்டிய கட்டணம் வீண் போகாது. நல்ல பிளாங்க். விராலுக்கு நாம் இங்கே தேடுவதும் பாசிக்குள் பாஸ் பிடிப்பவர்கள் அங்கே தேடுவதும் ஒன்றுதான்: நுனியில் தவளையை வீசவும் ஆட்டவும் ஒரு நெகிழ்வு, அதற்குக் கீழே ஈவு இரக்கம் இல்லாத விறைப்பு. விராலின் வாய் எலும்பு. தவளையின் இரட்டைக் கொக்கி அதில் ஏற வேண்டுமானால் ராட் வளைந்து கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது மொட்டை மாடி அறையில் ராட் கட்டுவதுதான் பொழுது. காசு விஷயத்தில் என் கட்சி இதுதான்: வளையத்துக்கும் ரீல் சீட்டுக்கும் மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள். மற்ற அத்தனையும் கோவை, திருப்பூருக்குள் முடிந்துவிடும்.

வளையத்தில் ஏன் கஞ்சத்தனம் கூடாது என்றால், நீங்கள் ரீலில் போடப்போவது பல இழை பின்னிய பிரெய்டு நூல். 50 பவுண்டு, 65 பவுண்டு இழுவை தாங்குவதைப் போடுவீர்கள். புதிதாக இருக்கும்போது வழவழப்பாகத்தான் இருக்கும். குளத்து வண்டலை உறிஞ்சிக்கொண்ட பிறகு அதுவே அரம். மலிவான குரோம் வளையத்தில் நாளடைவில் கோடு விழும். கோடு விழுந்த வளையம் அடுத்த நூலை அறுக்கும். அதனால் பீங்கான் வகை உள்வளையம் வேண்டும். ஃபுஜியின் அல்கோனைட் போதும், எஸ்.ஐ.சி. (சிலிக்கன் கார்பைடு) கிடைத்தால் இன்னும் நல்லது. பஞ்சை வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் இழை மாட்டும்.

வளையத்தின் அளவு எண்: ரீலுக்கு அருகில் 10, அடுத்தது 8, அதன் பிறகு நுனி வரை 6. நுனி வளையத்தைச் சேர்க்காமல் எட்டு அல்லது ஒன்பது. அடிக்கு ஒன்று, கூட ஒன்று என்பது பழைய கணக்கு, அது தொடக்கத்துக்குத்தான். முதல் வளையத்தை ரீலிலிருந்து 50 முதல் 55 சென்டிமீட்டரில் வையுங்கள். நுனியிலிருந்து முதல் இடைவெளி 10 சென்டிமீட்டர், அங்கிருந்து கீழே வர வர இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகல வேண்டும். பிறகு காகிதத்தை மூடி வைத்துவிட்டுக் கம்பையே கேளுங்கள். வளையங்களைத் தற்காலிகமாகப் பூட்டி, நூலை ஓட்டி, நுனியில் எடை கட்டி ராடை நன்றாக வளையுங்கள். மேல்பக்கம் வளையம் இருக்கிற ராடில், எந்த இரண்டு வளையத்துக்கு நடுவிலாவது நூல் கம்பைத் தொட்டால் அங்கே இடைவெளி அதிகம். நகர்த்துங்கள், மறுபடி வளையுங்கள். இந்த வேலைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ராட் கட்டுவதில் மூளை வேலை இங்கேதான், மீதி எல்லாம் கைவேலை.

தற்காலிகமாகப் பூட்ட அங்கே ஏதேதோ ரப்பர் வளையம் விற்கிறார்கள். சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி மெல்லிய வளையங்களாக நறுக்குங்கள், தீர்ந்தது.

முதுகு விஷயம். கார்பன் துணியை எஃகுக் கோலில் சுற்றித்தான் பிளாங்க் செய்கிறார்கள். துணி ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஒரு பக்கம் சற்று விறைப்பாக இருக்கும், அதைத்தான் முதுகு என்கிறோம். அடியை வழுவழுப்பான தரையில் ஊன்றி, நுனிப்பக்கத்தை ஒரு உள்ளங்கையில் தாங்கி, நடுவில் மற்றக் கையால் அழுத்தினால் கம்பு தானாக உருண்டு ஒரு நிலையில் நிற்கும். பார்த்துக்கொள்ளுங்கள், பென்சிலால் குறித்தும் கொள்ளுங்கள். ஆனால் அதற்கு அடிமையாகாதீர்கள். கம்பில் சிறு கோணல் இருந்தால் அந்தக் கோணல் மேலும் கீழுமாக வரும்படி வைத்துக் கட்டுவதுதான் என் பழக்கம். பக்கவாட்டில் கோணிய ராட் கையில் எடுக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும். முதுகு பார்த்துக் கட்டினால் ராட் திருகாது என்பதை நான் ஒப்பமாட்டேன். வளையம் மேலே இருக்கும் வரை, சுமை ஏறினால் நூல் கீழே இறங்கத்தான் பார்க்கும், ராட் திருகத்தான் செய்யும். திருகல் வேண்டாம் என்றால் ரீலுக்கு அடுத்த வளையத்தை மேலே வைத்து, அடுத்த இரண்டு மூன்றைப் பக்கவாட்டில் சரித்து, மீதியை அடிப்பக்கம் கொண்டுபோய்விடுங்கள். பார்க்க விகாரம், வேலை சுத்தம்.

வளையத்தின் கால்களை அப்படியே கட்டாதீர்கள். நுனியைச் சிறு அரத்தால் கத்தி முனை போல் சரித்து, அடிப்பக்கப் பிசிறை எமரித் தாளில் நீக்குங்கள். இல்லாவிட்டால் நூல் ஏறும் இடத்தில் படி விழும். அதைவிட மோசம், அந்தப் பிசிறு கார்பனைக் கடிக்கும். பெரிய விரால் மாட்டும் நாளில்தான் அது தெரியவரும்.

பிடிக்கு நான் கார்க் வாங்குவதை விட்டுவிட்டேன். நல்ல கார்க் போர்ச்சுகலிலிருந்து வர வேண்டும். நம் கைக்கு வருவது ஓட்டையும் மரத்தூள் அடைப்புமாக இருக்கிறது. செருப்பு அடிக்குப் போடும் ஈ.வி.ஏ. தகட்டில் கெட்டியான ரகம் பார்த்து வாங்கி, வட்டமாக வெட்டி, ஒட்டி அடுக்கி லேத்தில் கடைகிறேன். மெத்தென்ற ரகம் வேண்டாம், ஒரு கோடையில் அமுங்கிவிடும். ரீல் சீட்டுக்கும் கம்புக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு மாஸ்கிங் டேப்பைச் சிறு வளையங்களாக இடம் விட்டுச் சுற்றி, நடுவில் மெதுவாக இறுகும் அரால்டைட் நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகத்தை இதற்குத் தொடாதீர்கள்.

எபாக்ஸி. ராட் பூச்சுக்கென்றே வரும் இரண்டு பாட்டில் ரகம் வாங்குங்கள், இதில் மட்டும் மாற்று கிடையாது. பாதிக்குப் பாதி அளவு. கண்ணளவு வேண்டாம், தனித்தனி சிரிஞ்சு. மருந்துக் கடைச் சிரிஞ்சுகளில் ரப்பர் வழுக்குவதற்குச் சிலிக்கோன் தடவியிருப்பார்கள். அது கலந்தால் பூச்சில் குழி குழியாக விலகும். ரப்பர் இல்லாத முழு பிளாஸ்டிக் சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு நிமிடம் நிதானமாகக் கலக்கி அலுமினியத் தாளில் பரப்பிவிட்டால் குமிழ் தானே உடையும்.

ஐப்பசியில் பூசலாமா என்றால், அடைமழை நாளில் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் மேலே பிசுக்குப் படலம் ஏறி மங்கும். இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, கதவைச் சாத்திய அறையில், பகலில் பூசுங்கள். ஐப்பசியைவிட எனக்குப் பயம் ஆடிதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் அம்மியே நகரும்போது தூசி நகராதா? ஆடி முழுவதும் நான் நூல் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

பூசிய பிறகு ராட் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு ஒரு பக்கம் தொங்கும். இதற்கு மோட்டார் தேடி அலையாதீர்கள். பழுதான மைக்ரோவேவ் அடுப்பில் கண்ணாடித் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் இருக்கும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. பழைய இரும்புக் கடையில் கேட்டால் கிடைக்கும். போடும்போது எந்தப் பக்கம் சுற்றும் என்று அதற்கே தெரியாது, நமக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

ஒன்றை மறந்தால் மற்றதெல்லாம் வீண்: கார்பன் மின்சாரம் கடத்தும். நம் பக்கத்தில் எந்த வரப்பில் நின்றாலும் தலைக்கு மேல் ஒரு கம்பி போகிறது. வீசுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். இடி இடித்தால் ராடைக் கீழே போட்டுவிட்டு வாருங்கள், மீன் எங்கேயும் போகாது.

பின்னலாடை:

அண்ணன் நூலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார், திருப்பூர்க்காரர்களுக்கு மிச்சம் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ராட் கட்டும் நைலான் நூல் என்று சிறு கண்டுகளாக இறக்குமதி செய்து விற்கிறார்கள். வளையத்துக்கு ஏ அளவு, தடித்த ராட் என்றால் டி அளவு. நல்ல நூல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எம்ப்ராய்டரி யூனிட்டில் ஓடும் பாலியஸ்டர் ஃபிலமென்ட் நூலும் இதற்குப் பொருந்தும். நிறத்துக்குப் பஞ்சமில்லை, மினுமினுப்பும் உண்டு. தைக்கும் ஸ்பன் பாலியஸ்டரை மட்டும் எடுக்காதீர்கள். அது துண்டு இழைகளை முறுக்கிச் செய்தது. கண்ணுக்குத் தெரியாத மயிர் நீட்டிக்கொண்டிருக்கும், எபாக்ஸி பூசியதும் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். பருத்தி நூலும் இதே கதை.

நைலான் எடுத்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். நைலான் மேல் நேரடியாக எபாக்ஸி பூசினால் நிறம் ஊறிப்போய்க் கறுத்து, அடியில் உள்ள வளையத்தின் கால் தெரியும். நிறம் நிலைக்க வேண்டும் என்றால் முதலில் நிறம் காக்கும் திரவம் தடவ வேண்டும். அடர் நிறம் எடுத்தால் இந்தத் தொல்லை குறைவு. கறுப்புக்குக் கவலையே இல்லை. ஓரத்தில் இரண்டு சுற்று ஜரிகை விட்டால் எடுப்பாக இருக்கும்.

அண்ணனுடைய செருப்புத் தகட்டுப் பிடியை நேரில் பார்த்திருக்கிறேன். உறுதிதான், ஆனால் அந்த நீல நிறத்தில் ராட் பிடிப்பவர் குளியலறைக்குப் போகிறாரா குளத்துக்குப் போகிறாரா என்று சந்தேகம் வரும். கறுப்புத் தகடு கிடைக்கும் தம்பி, கேட்டு வாங்குங்கள். பிடிக்கு மேலே நூல் அலங்காரம் செய்வதானால் பவானி ஜமக்காளத்தின் பட்டைகளைப் பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அகலப் பட்டை. அளவு குறைத்து அப்படியே இறக்கலாம். பாம்புத் தோல், வைரக் கட்டம் என்று வலையில் வருவதையே எல்லோரும் ஏன் கட்டுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

உடுமலைத் தூண்டில்:

நடுவில் ஒரு கேள்வி. பாஸ் ராட், பாஸ் ரீல், பாஸ் தவளை எல்லாம் வந்துவிட்டது. அந்த மீனையே கொண்டுவந்து இப்படிப்பட்ட கல்குழியில் விட்டால் என்ன? வெளியே போக வழியில்லாத தண்ணீர்தானே?

பெருந்துறை - அலபாமா:

தம்பி உடுமலை, வேண்டாம். கல்குழிக்குள் விட்டது கல்குழிக்குள்ளேயே இருக்காது. ஒருவர் வாளியில் அள்ளிக்கொண்டு போவார். ஒரு பெருமழையில் வாய்க்காலில் கலக்கும். ஜப்பானில் 1925இல் ஆஷி ஏரியில் பாஸ் மீனை விட்டார்கள். நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்த பிறகு, 2005இல் அயல் உயிரினச் சட்டத்தின் கீழ் உயிரோடு கொண்டுபோவதையும் விடுவதையும் தடை செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு 2009இல் அதே ஜப்பானின் பிவா ஏரியில்தான் 10 கிலோவுக்கு மேற்பட்ட பாஸ் ஒன்று பிடிபட்டு, 1932இல் ஜார்ஜியாவில் பிடித்த உலக சாதனையைச் சமன் செய்தது. மீன் நன்றாக வளர்வதே சில சமயம் வம்புக்கு அடையாளம். நம் ஊரில் ஜிலேபி எப்படி வந்து எப்படி நிறைந்தது என்று குளத்து ஏலம் எடுப்பவர்களைக் கேளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2002இல் மேரிலாண்டில் ஒரு குட்டையில் வடக்கத்தி விரால் இனம் ஒன்று பெருகியிருப்பதைக் கண்டு அமெரிக்காவே அலறியது. அதே ஆண்டு விரால் குடும்பம் முழுவதையும் தீங்கு செய்யும் உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நாம் பத்தியத்துக்குக் கொடுக்கிற மீனை உயிரோடு அங்கே இறக்கினால் குற்றம்.

நான் பெருந்துறைக்காரன், இப்போது இருப்பது கன்டர்ஸ்வில் ஏரிக்கு அருகில். டென்னசி ஆற்றை மறித்துக் கட்டிய பெரிய ஏரி. கோடை முடிவில் நீர்ப்பாசி மேலெழுந்து படர்ந்துவிடும், அப்போது இந்த ஊர்க்காரர்கள் கையில் இதே ஹெவி ராடும் தவளையும்தான். ஒரு வேறுபாடு மட்டும் மனத்தில் இருக்கட்டும். பாஸ் தவளையை வாய்க்குள் உறிஞ்சும். விரால் வெடித்து அடிக்கும், பல முறை தவளையைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகும். சத்தம் கேட்டதும் ராடைத் தூக்காதீர்கள். நூல் நகர்ந்து கனம் தெரிந்த பிறகு இழுங்கள். தூக்கும்போது நுனியை வானத்துக்கு நிமிர்த்தி மீனைக் கரையேற்றாதீர்கள். ஃபாஸ்ட் ஆக்‌ஷன் கார்பன் முறிவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி நொடியில்தான். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும்போது அங்கே வீசாதீர்கள். அது வீரம் இல்லை.

முதுகு பற்றிப் பீளமேட்டு அண்ணன் சொன்னதை நான் வழிமொழிகிறேன். பக்கவாட்டில் சரித்துக் கட்டுவதை மட்டும் தவளை ராடுக்கு நான் செய்யமாட்டேன். பாசியில் ராடை எங்கெங்கோ சாத்தியும் செருகியும் எடுக்கிறோம், பக்கவாட்டில் நீட்டிய வளையம் எதிலாவது மாட்டி வளையும்.

ட்ரெய்லர் ஊளைக்குக் காரணம் எளிது. இரண்டு மணி நேரம் ஓடி ஹப் சூடாக இருக்கிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கிறது. அப்படியே ஆழமான கல்குழியின் குளிர்ந்த தண்ணீரில் இறக்குகிறீர்கள். காற்று சட்டென்று சுருங்கி, கிரீஸை உள்ளே அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தப் பால் காப்பி நிறம் கிரீஸில் தண்ணீர் கலந்த நிறம். நாங்கள் கரைக்கு வந்ததும் ஹப்பைக் கையால் தொட்டுப் பார்ப்போம். கை வைக்க முடிகிற வரை படகில் சாமான் அடுக்குவது, தண்ணீர் வெளியேற்றும் திருகை மாட்டுவது என்று நேரம் கடத்துவோம்.

கமான் பட்டை:

காரணத்தை அவர் சொல்லிவிட்டார், கையில் கருமை படுகிற பங்கை நான் சொல்கிறேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு ஆக்சில் வேலை செய்பவன். எங்கள் வண்டிகளின் ஹப் தண்ணீரில் மூழ்குவதில்லை. அதனால்தான் உங்கள் பட்டறைக்காரர் லாரிக்குச் செய்கிற வைத்தியத்தையே செய்திருக்கிறார். கெட்ட கிரீஸுக்கு மேல் நல்ல கிரீஸ் அடிப்பது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது.

இரண்டு சக்கரத்தையும் கழற்றுங்கள், இடதை மட்டும் அல்ல. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, நன்றாக உலரவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். உருளையிலோ கப்பிலோ (வெளி வளையம்) புள்ளி புள்ளியாகக் குழி, நீலம் பூத்த நிறம் இருந்தால் கப்பையும் கோனையும் (உருளைகள் உள்ள உள்பாகம்) சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டு ஓட்டினால் மறுபடியும் ஊளைதான். ஊளையிட்ட பேரிங் பிழைத்து நான் பார்த்ததில்லை, ஆகவே இடது பக்கத்துக்கு இப்போதே ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சீல் மலிவு, கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். இரட்டை உதடு வைத்த சீல் கேளுங்கள். சீல் உட்காரும் இடத்தில் ஆக்சில் துருப்பிடித்துச் சொரசொரத்திருந்தால் புதுச் சீலும் ஒரு மாதத்தில் தேயும். மெல்லிய எமரியால் சுற்றுவாக்கில் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். பள்ளம் விழுந்திருந்தால் பீளமேட்டு அண்ணனிடம் அதன் மேல் ஏற்றும் உறை போன்ற ஒரு ஸ்லீவ் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

கிரீஸ் மரைன் என்று போட்ட ரகம். கால்சியம் சல்ஃபொனேட் கிடைத்தால் தண்ணீருக்கு அதுதான் நல்லது, இல்லாவிட்டால் நல்ல லித்தியம் காம்ப்ளெக்ஸ். இரண்டையும் கலக்காதீர்கள். உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே பிதுங்கும் வரை ஏற்றுங்கள். நட்டை இறுக்குவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முறுக்கி பேரிங்கை உட்காரவையுங்கள், பிறகு முழுவதும் தளர்த்தி, விரலால் மட்டும் முடுக்கி, நட்டு கழலாமல் குறுக்கே செருகும் கொட்டர் பின்னின் ஓட்டை நேர்ப்படும் அளவுக்குப் பின்னால் விடுங்கள். பழைய கொட்டர் பின்னை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி என்று ஒன்று விற்கிறார்கள். ஹப்புக்குள் சிறிது அழுத்தம் இருந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் நுழைவது குறையும். உங்கள் ஹப் வாயின் அளவுக்குக் கிடைத்தால் போடுங்கள். ஆனால் கிரீஸ் கன்னை வைத்து மனம் போல் அடித்தால் பின்பக்கச் சீல் பிதுங்கிவிடும். மூடி இருக்கிறதென்று வருடாந்தரக் கழுவலை விட்டுவிடவும் கூடாது.

மற்றவை சுருக்கமாக. தண்ணீருக்குள் தள்ளும் முன் விளக்குப் பிளக்கைக் கழற்றுங்கள், சூடான பல்பு தண்ணீர் பட்டால் வெடிக்கும். கமான் பட்டையின் நடுவே சேறு தங்கும், நல்ல தண்ணீரில் அலசுங்கள். டயரில் பட்டன் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று வெடிப்பதுதான் அதிகம். பக்கவாட்டில் வெடிப்புப் பாருங்கள், ஓடாத மாதங்களில் ஆக்சிலுக்கு முட்டுக்கொடுத்து நிழலில் நிறுத்துங்கள். ட்ரெய்லருக்கும் பதிவு எண் வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர் சொன்னாரா? சட்டத்தில் ட்ரெய்லரும் மோட்டார் வாகனம்தான்.

நீங்கள் கேட்காததையும் ஒன்று கேட்கிறேன். வேகம் எடுத்தால் பின்னால் ட்ரெய்லர் வாலாட்டுகிறதா?

கொடிவேரி வாய்க்கால்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பத்தியத்துக்கு விரால் என்ற வரியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வாலாட்டுகிறது, ஆமாம். ஐம்பதைத் தாண்டினால் ஜீப்பின் பின்பக்கத்தையே பிடித்து அசைக்கிறது. காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பதிவு பற்றிப் பட்டறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, பங்காளியை அந்த வேலைக்கு அனுப்புகிறேன்.

வளையத்தை எப்படிக் கட்டுவது என்பதில் பெருந்துறை அண்ணன் சொன்னதும் பீளமேட்டு அண்ணன் சொன்னதும் எதிரெதிராக இருக்கின்றன. நான் யார் பேச்சைக் கேட்பது? இன்னொன்று, இந்தப் படகை பவானிசாகருக்குக் கொண்டுபோகலாமா?

கமான் பட்டை:

காற்று இல்லை. படகு பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, கொக்கியின் மேல் கனம் போதவில்லை. உங்களிடம் மஞ்சள் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்குமே. படகு, மோட்டார், சாமான் எல்லாம் ஏற்றிய நிலையில் ட்ரெய்லரின் மூக்கை, ஜீப் கொக்கியின் உயரத்துக்கு ஒரு கட்டை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். மொத்தம் 400 கிலோ என்றால் மூக்கில் 40 கிலோ சுமார் வர வேண்டும். குறைந்தால் முன் தடுப்பை நகர்த்திப் படகை முன்னே கொண்டுவாருங்கள். பெட்ரோல் கேனைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தாலே பாதி சரியாகிவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள், கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாது.

பெருந்துறை - அலபாமா:

பவானிசாகரில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஆழியாறு, அமராவதி, திருமூர்த்தி அணைகளும் அப்படித்தான். அவர்கள் அலுவலகத்தில் கேட்காமல் படகோடு போய் நிற்காதீர்கள். பவானிசாகரின் மேல்பக்கம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், தண்ணீருக்கு யானை வருகிற கரை. அமராவதியில் முதலை உண்டு. அங்கே காற்றடைத்த மிதவையில் கால் தொங்கவிட்டு மீன் பிடிக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், தாராளமாக முதலையின் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள் என்றேன். உங்களுக்குக் கல்குழி போதும். அங்கேயும் உயிர்காப்பு உடையைப் போட்டுக்கொள்ளுங்கள். செங்குத்தாக வெட்டிய கல்லில் கை பிடித்து ஏற இடம் இருக்காது.

பீளமேட்டு லேத்:

பெருந்துறைத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் பாசிக்குள் நிற்பவர், நான் அணைக்கரையில் கட்லாவுக்கு உட்காருகிறவன். என் ராட் கொடியில் மாட்டுவதில்லை. தவளை ராடுக்கு வளையம் மேலேயே இருக்கட்டும். அப்படிக் கட்டும்போது எண்ணிக்கையில் ஒன்பதுக்குப் போங்கள், எட்டில் நிறுத்த வேண்டாம். சுமை ஏறினால் நூல் கம்பை உரசும் இடம் நடுப்பகுதியில்தான் வரும்.

திருகல் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை பிளாங்கையும் வளையங்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு கிலோ எடைக்கல் என்னிடம் இருக்கிறது, வால்வு டியூப்பும் இருக்கிறது. ஆக்சிலில் பள்ளம் இருந்தால் சீல் உட்காரும் இடத்தின் அளவை வெர்னியரில் எடுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள், ஸ்லீவை அன்றே கடைந்துவிடலாம். அளவை மூன்று இடத்தில் எடுங்கள், துருப்பிடித்த ஆக்சில் எங்கேயும் வட்டமாக இருப்பதில்லை.